ஒரு சாணுக்குக் கீழே

எங்கள் அலுவலகத்தில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பட்டியல் தயாரித்தவள் நான், அதனால் எனக்கு அது தெரியும். மற்றவர்களைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். அவருடைய மனைவியே அலுவலகத்துக்குப் போன் செய்தால், "அளவுக்காரர் வீட்டுலேருந்து பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் வேலை இதுதான். தினமும் காலை ஆறு மணிக்கு நீர்த்தேக்கத்தின் சுவர்மேல் ஏறி, தண்ணீருக்குள் நிற்கும் அளவுப் பலகையைப் பார்த்து, எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்பத்தாறு படி ஏறி, எண்பத்தாறு படி இறங்கி, ஒரே ஓர் எண். கேட்பதற்குச் சோம்பேறி வேலை மாதிரி இருக்கும். நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். "ஒரு நம்பர் எழுத ஒரு ஆளா?" என்று அவரிடமே கேட்டேன். வாய்க்கொழுப்பு. "ஒரு மாசம் நீங்க ஏறிப் பாருங்க கிளார்க்கம்மா. நான் உங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து கூட்டிப் போடறேன்" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அளவு என்றால் அவருக்கு உயிர். டீக்கடையில் கிளாஸ் விளிம்புக்குக் கீழே அரை விரல் குறைந்தால் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். யாராவது 'கொஞ்ச தூரம்' என்று வழி சொன்னால், கொஞ்சமென்றால் எவ்வளவு என்று கேட்காமல் நகர மாட்டார். சமையலில் ஒரு சிட்டிகை உப்பு போடு என்று அவர் மாமியார் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, "யாரு விரலால?" என்று குறுக்கே கேட்டாராம். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்தக் கதையை அண்ணி நூறு தடவை சொல்லியிருப்பார், நூறு தடவையும் தலையில் அடித்துக்கொண்டே.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஓர் எடைமேடையில் இருந்தார். லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு எழுதும் இடம். முதலாளி ஒருநாள், வேண்டப்பட்ட லாரிக்கு இருநூறு கிலோ குறைத்து எழுதச் சொன்னார். இவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணமாகி நாலு மாதம். வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. அப்புறம் ஏழு மாதம் கழித்துத்தான் நீர்த்தேக்கத்தில் இடம் கிடைத்தது. சுவரின் அடிவாரத்தில் இரண்டு அறை வீடு, ஈரம் ஊறிய சுவர், சமையலறைச் சன்னலைத் திறந்தால் படிக்கட்டு. அந்த வீட்டில்தான் அவருடைய இரண்டு பெண்களும் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வேலைக்கென்று வேறு ஊர்களுக்குப் போனார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால், அது கையெழுத்து. சில நாள் கையெழுத்து சாதாரணமாக இருக்கும். சில நாள் அதன் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்திருப்பார். ஒரு நாள் இரண்டு புள்ளி, ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஒன்பது. ஒரு தடவை தணிக்கைக்கு வந்தவர் கையெழுத்து ஒரே மாதிரி இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டார். நான் அளவுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, கையெழுத்துல கோலமெல்லாம் எதுக்கு? அரசாங்கப் பதிவேடு இது" என்று கடிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார். பிறகு, "கை பழகிடுச்சு கிளார்க்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். வரும் நாளில் யாரும் வெளியூர் போக மாட்டார்கள். வீட்டில் உள்ள வாளி, குடம், பாட்டில், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் நிரம்பி நிற்கும், நடக்க இடமிருக்காது. நீர்த்தேக்கம் கட்டியபோது ஊரில் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்கு பேர் இப்போது இருக்கிறார்கள். நீர்த்தேக்கம் மட்டும் அதே அளவில் நிற்கிறது. தண்ணீர் நிறைந்தால் வெளியே வழிவதற்கென்று சுவரின் ஓரத்தில் தாழ்வான ஒரு கல்மேடை உண்டு, கலிங்கு என்போம். அதை ஆறடி உயர்த்தினால், வீணாக வழிகிற தண்ணீர் உள்ளேயே நிற்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது குழாய் திறக்கலாம் என்பதுதான் திட்டம்.

திட்டம் நல்ல திட்டம். பணம்தான் இல்லை. அரசாங்கம் கையை விரித்தது. வெளியே ஒரு வங்கி, தண்ணீர் வேலைகளுக்கு மட்டும் நீண்டகாலக் கடன் கொடுக்கிற வங்கி, கேட்டால் கொடுக்கும் என்றார்கள். ஐந்து வருடம் கேட்டோம். விண்ணப்பத்தை மூன்று தடவை முழுசாகத் தட்டச்சு செய்தவள் நான். மூன்று தடவையும் கிணற்றில் போட்ட கல்தான். நான்காவது தடவைதான் அவர்கள் ஆளை அனுப்புகிறோம் என்று எழுதினார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சிக்கனக்காரர், அதனால் இது இன்றுவரை பேசப்படுகிறது. அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். போவதற்குள் கலிங்கை உயர்த்திவிட வேண்டும் என்று துடித்தார். அளவுக்காரருக்கோ பதினான்கு மாதம்தான் பாக்கி.

வந்தவர் ஒரு பெண். குட்டை முடி, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, கையில் ஒரு பென்சில். வங்கி அம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். சுவரைப் பார்க்கவில்லை, படம் பார்க்கவில்லை, நாங்கள் ஏற்பாடு செய்த சாப்பாட்டையும் தள்ளிவைத்தார். "கடந்த இருபத்தாறு வருஷத்து நீர்மட்டப் பதிவேடு வேணும்" என்றார். இரண்டு நாள் தனி அறையில் அவற்றோடு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் கூட்டம். நீள மேசை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள், தலைமைப் பொறியாளர் ஒரு பக்கம், வங்கி அம்மா எதிர்ப்பக்கம், குறிப்பெடுக்க நான் ஓரத்தில். பதிவேடுகளைச் சுமந்து வந்த அளவுக்காரர் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வங்கி அம்மா சுற்றி வளைக்கவில்லை. "இருபத்தாறு வருஷத்துல நாலே நாலு வருஷம்தான் கலிங்குல தண்ணி வழிஞ்சிருக்கு. மத்த வருஷத்துல பெரும்பாலும் சரியா கலிங்கு மட்டத்துக்கு வந்து, வாரக்கணக்குல அப்படியே நிக்குது. வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்கற விருந்தாளி மாதிரி. நாலு வருஷத் தண்ணிக்கு இவ்வளவு பெரிய கடன் கொடுக்க முடியாது. வழியாத தண்ணிக்கு உயரமான சுவர் எதுக்கு?"

தலைமைப் பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளர் மூடியை எடுத்தார், வைத்தார். "பதிவேட்டுல இருக்கறதத்தான் நாங்க காட்ட முடியும்" என்றார். குரல் அவருடைய குரல் மாதிரி இல்லை.

வங்கி அம்மா அலமாரிப் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதினீங்க? தண்ணி எப்படிங்க இப்படி நிக்கும்?"

அளவுக்காரர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். அவர் டம்ளரைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிக்கல அம்மா" என்றார் அளவுக்காரர். "பதினேழு வருஷம் வழிஞ்சுது. நான் எழுதல."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு சாணுக்குக் கீழ வழிஞ்சா எழுதறதில்ல. கலிங்கு மட்டம்னு போட்டுடுவேன். ஆனா குறிச்சிருக்கேன்." அவர் மேசைக்கு வந்து ஒரு பதிவேட்டைத் திறந்தார். "கையெழுத்துக்குக் கீழ பாருங்க. ஒரு புள்ளின்னா கலிங்குமேல ஒரு விரல் தண்ணி. இங்க அஞ்சு. அடுத்த நாள் ஏழு. இந்த வருஷம் நாப்பத்தோரு நாள் வழிஞ்சுது."

இருபத்திரண்டு வருடம் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, மனிதர் தன் கையெழுத்தைத் தானே ரசிக்கிறார் என்று நினைத்தவள் நான். அந்த நிமிடம் எனக்கு முகம் சுட்டது.

வங்கி அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. கலிங்கில் வழிகிற தண்ணீர் ஆற்றில்தான் சேரும். அந்த ஆற்றில் கீழே, ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. அது வேறு துறை. அங்கேயும் தினமும் காலையில் ஆற்று மட்டத்தை எழுதுவார்கள். எங்கள் பொய்யோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தக் குறிப்பேடுகளை வரவழைத்துப் புள்ளியையும் ஆற்று மட்டத்தையும் நாள்வாரியாக ஒத்துப் பார்த்தார். இரண்டு வாரம் ஆனது. மூன்று நாள் மட்டும் ஒத்துவரவில்லை. விசாரித்தால், அந்த மூன்று நாளும் பம்ப் ஹவுஸ்காரர் வேலைக்கே வரவில்லையாம், முந்தின நாளைப் பார்த்து எழுதிவிட்டாராம்.

மூன்றாவது மாதம் கடன் அனுமதி வந்தது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அலுவலகத்தில் கைகுலுக்கினார்கள். அதே வாரம் தலைமையகத்திலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. அதைப் பிரித்தவளும் நான்தான். அரசாங்கப் பதிவேட்டில் இருபத்தாறு ஆண்டுகள் பொய்ப் பதிவு செய்ததாக அளவுக்காரர்மேல் விசாரணை. குற்றம் நிரூபணமானால் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் முழுக்கப் பிடிக்கப்படும். அந்த வேலையின் ஓய்வூதியம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சத்தில் வாடகை கொடுக்கலாம், சாப்பிட முடியாது. ஓய்வுபெற்ற அன்றே சுவரடி வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

விசாரணை அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி, எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். அளவுக்காரரிடம், "யாராவது சொல்லி எழுதினீங்களா?" என்று கேட்டார். "எழுதினது நான் சார்" என்றார். அதற்குமேல் கல்லைப் பிழிந்த மாதிரிதான், ஒன்றும் வரவில்லை.

அடுத்தது நான். மாதாந்திர அறிக்கை தயாரித்தவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அளவுக்காரர் என் மேசைக்கு வந்து, "உங்களுக்கு எதுவும் தெரியாது கிளார்க்கம்மா. வந்த கணக்கைக் கூட்டினீங்க, அவ்வளவுதான். இதுல வந்து மாட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதிகாரி கேட்டார். "உங்க அறிக்கைல 'வழிவு இல்லை'ன்னு இருக்கு. உண்மையில தண்ணி வழியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டும். கலிங்கில் நான்கு விரல் வழிந்தாலே பாலத்தின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை காலை நடந்திருக்கிறேன்! மேசை இழுப்பறையில் உலர்ந்த செருப்பு ஒரு ஜோடி எப்போதும் வைத்திருப்பேன். பாதத்தைத் துடைத்து, அதை மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அறிக்கையில் 'வழிவு: இல்லை' என்று தட்டச்சு செய்வேன். ஈரக் காலோடு உட்கார்ந்து அதை எழுதுகிறோமே என்று ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. உறைத்ததா, உறைக்காத மாதிரி இருந்துகொண்டேனா, இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு வந்ததை நான் கூட்டினேன் சார்" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது அளவுக்காரர் என்னைப் பார்த்து, நல்லது என்கிற மாதிரித் தலையாட்டினார். எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஓய்வூதியப் படிவங்களில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சுவர்மேல் இருந்தார். அண்ணி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். காலி செய்ய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, இப்போதே எதற்கு என்று கேட்டேன். "பெரிய வீடு கிடைக்காது. எதை விடறது, எதை எடுத்துக்கறதுன்னு பார்க்கணுமில்ல" என்றார்.

பிறகு அவரே சொன்னார். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தது யார் என்று. இன்றைய தலைமைப் பொறியாளர்தான். அப்போது அவர் இளம் பொறியாளர், இங்கேதான் முதல் வேலை. முதல் மழைக்காலத்தில் இரண்டு விரல் வழிந்ததை ஒழுங்காகப் பதிந்தார்கள். வழிந்தால் சைரன் ஊத வேண்டும், மணிக்கொரு தடவை அளக்க வேண்டும், தலைமையகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எல்லாம் செய்தார்கள். தலைமையகம் பத்தொன்பது கேள்வி கேட்டு எழுதியது. முன்கூட்டியே ஏன் மதகைத் திறக்கவில்லை, தண்ணீரை வீணாக்கியது யார் பொறுப்பு என்று. பதில் எழுதியே அவருக்கு இரண்டு மாதம் போயிற்று. அடுத்த தடவை வழிந்தபோது, "ஒரு சாணுக்குக் கீழ எதுவும் வழியல, புரியுதா?" என்று சொல்லிவிட்டார். வாய்வார்த்தைதான். இரண்டு வருடத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. அப்புறம் ஆறு பொறியாளர்கள் வந்து போனார்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவரே தலைமைப் பொறியாளராகத் திரும்பி வந்தார். அவரும் கேட்கவில்லை.

"அதைச் சொல்லித் தொலைங்கன்னு நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன். வாயே திறக்க மாட்டேங்கறார்" என்றார் அண்ணி. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நீங்க தினமும் தரைப்பாலம் வழியாத்தானே வர்றீங்க?"

"ஆமா அண்ணி."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

சுரீர் என்றது. படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு வந்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் முதலில் சொன்னது பாதி உண்மை. தண்ணீர் வழிவது எனக்குத் தெரியும், பாலத்தைத் தாண்டி வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் 'இல்லை' என்று இருபத்திரண்டு வருடம் அறிக்கை அனுப்பினேன். ஒருவரை மட்டும் தண்டிப்பது சரியில்லை. அரைப் பக்கம்தான். பொறியாளரைப் பற்றி எழுதவில்லை. அது நான் காதால் கேட்டதில்லை, கேள்விப்பட்டது.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதமும் உரிய வழியாகத்தான் போக வேண்டும். நேரே மேலிடத்துக்கு அனுப்பினால் அதற்கே ஒரு விசாரணை. உரிய வழி என்றால் தலைமைப் பொறியாளரின் மேசை. அவர் படித்து, கீழே தன் குறிப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். என் கடிதம் அங்கே பதினொரு நாள் கிடந்தது. அவர் அறைக்குக் கோப்பு கொண்டுபோகும்போதெல்லாம் அது கண்ணில் படும், காகித எடைக்குக் கீழே. அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. கடிதத்தைத் தொலைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் தொலைத்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் அனுப்புவதற்காக என் மேசைக்கு வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையால் எழுதியிருந்தார். 'ஒரு சாணுக்குக் கீழ் வழிவதைப் பதிய வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவிட்டவன் நான். இருபத்தாறு ஆண்டுகளும் அந்த உத்தரவின்படியே பதிவு நடந்தது. பணியாளர்மேல் குற்றமில்லை.' நான் அதை நின்றபடியே படித்தேன். சிக்கனக்காரர், வார்த்தையிலும் சிக்கனம். எனக்கு அவர்மேல் அதுவரை இல்லாத மரியாதை வந்தது.

அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை முகம் மலர்ந்திருந்தது. வாக்குமூலம் தயாராக அடித்துக் கொண்டுவந்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகளும் மேலதிகாரியின் உத்தரவுப்படியே எழுதினேன் என்று அளவுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும். "போட்டுட்டு வீட்டுக்குப் போங்க ஐயா. ஒரு பைசா பிடிக்க மாட்டாங்க" என்றார். நான் சாட்சிக் கையெழுத்துக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேனாவைக்கூட நானே மூடி கழற்றிக் கொடுத்தேன்.

அளவுக்காரர் நிதானமாகப் படித்தார். விரலை வைத்து ஒரு வரியை மறுபடி படித்தார்.

"இது தப்பா இருக்கு சார்."

"எது?"

"இருபத்தாறுன்னு போட்டிருக்கு. அப்ப அவரு இங்க இருந்தது ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷம் அவரு சொல்லி எழுதினேன். மிச்ச இருபத்தி நாலு வருஷம் என்கிட்ட யாரும் சொல்லல, திரும்பி வந்த அவரும் சொல்லல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, ஒருத்தர் அவரே வந்து ஏத்துக்கறார். நீங்க யாரைக் காப்பாத்தறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"நான் யாரையும் காப்பாத்தல கிளார்க்கம்மா" என்றார். அவர் குரல் ஏறவே இல்லை. "அவரு மாத்தலாகிப் போனதுமே புதுசா வந்தவர்கிட்ட கேட்டிருக்கலாம். எழுதட்டுமா சார்னு ஒரு வார்த்தை. கேக்கல. ஏன்னா, எழுதினா சைரன் ஊதணும், மணிக்கு ஒரு தடவை படி ஏறணும், கொட்டற மழைல. எழுதலன்னா காலைல ஒரு தடவை ஏறினா போதும். சின்னவ பொறந்து மூணு மாசம் அப்ப. அவரு போய்ட்டாரு, எனக்கு அது வசதியாப் போச்சு. நான் வீட்டுல படுத்துத் தூங்கினேன். அதான் உண்மை. எடைமேடைல பேனாவை வச்சுட்டு வந்தவன்தான் நான். இங்க யாரும் கட்டாயப்படுத்தாமலே எழுதினேன். கைதான் கேக்கல, புள்ளி வச்சுது."

இத்தனை நாள் இந்த மனிதர் ஒரு பெரிய அதிகாரிக்காகத் தன்னைப் பலி கொடுக்கிறார் என்று நான் மனதுக்குள் அவரைத் தூக்கி வைத்திருந்தேன். அது அப்படியில்லை என்று தெரிந்ததும் ஏனோ அவர்மேல் இன்னும் பாசம்தான் வந்தது. அழுகையும் வந்தது. பேனா மூடியைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அவர் இருபத்தாறு என்பதை அடித்து இரண்டு என்று திருத்தினார். கீழே, 'மீதி இருபத்து நான்கு ஆண்டுகள் நானாகவே' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். அதிகாரி அந்தத் தாளைக் கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

உத்தரவு இரண்டு மாதத்தில் வந்தது. தலைமைப் பொறியாளருக்குக் கண்டனம். கலிங்கு வேலை முடியும்வரை அவர் பொறுப்பில் இருக்க மாட்டார், வேறு ஊர். ஐந்து வருடம் அலைந்து வாங்கிய பணத்தில் முதல் கல் விழுவதைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு கிடையாது. அளவுக்காரருக்கு, உண்மையைத் தானே சொன்னதைக் கருதி, மூன்றில் ஒரு பங்கு என்பது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, ஆயுள் முழுக்க.

உத்தரவைக் கொடுக்க நானே சுவரடி வீட்டுக்குப் போனேன். மாலை நேரம். கலிங்குப் பக்கம் இயந்திரங்கள் கல்லை உடைக்கிற சத்தம் வீட்டுக்குள் வரை வந்தது. அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதைப் படித்தார், இரண்டு தடவை.

"பரவாயில்ல" என்றார். "இருபத்தி நாலு வருஷத் தூக்கத்துக்குப் பத்துல ஒண்ணு. மலிவுதான் கிளார்க்கம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி கதவருகில் வந்து நின்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வெகுநேரம்.

"மழை பெய்யும்போது எழுந்து எழுந்து உக்காருவீங்க. படுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு கையைப் பிடிச்சு இழுத்தது யாரு?" என்றார். "அதையும் எழுதியிருக்கலாமே."

அளவுக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உன்னை யாரும் விசாரிக்கலையே" என்றார்.